சேப்பாக்கம் யாருக்குச் சொந்தம்?

அறுவடை முடிந்த வயல்தான் வடகரை வாலிபர்கள் பலருக்கும் கிரிக்கெட் மைதானம். அடவிநயினார் அணையில் தண்ணீர் திறந்து உழவு தொடங்கிவிட்டால் அந்த மைதானமும் மறைந்துவிடும். இந்த இரவல் மைதானத்தில் நின்றுகொண்டு அவர்கள் கனவு காண்பது சென்னைக் கடற்கரையை அடுத்துள்ள சேப்பாக்கம் ஸ்டேடியத்தைப் பற்றித்தான். அந்த ஸ்டேடியம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நாம் எழுப்பியாக வேண்டும்.

சேப்பாக்கம் ஒரு காலத்தில் ஆர்க்காட்டு நவாபின் அரண்மனைத் தோட்டம். 1855-ல் நவாப் வாரிசின்றி மாண்டதும் கும்பினியார் அவரது பட்டத்தை ஒழித்தனர். அரண்மனை சர்க்கார் வசமாயிற்று. 1865-ல் அங்கே வெள்ளையரின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் குடியேறியது. இந்தியர் அங்கே ஆடலாம். பெவிலியனுக்குள் நுழையக் கூடாது. பகலுணவு மரத்தடியில்! இதைத்தான் கனவான்களின் ஆட்டம் என்றார்கள்!

இந்த அவமதிப்பைப் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, இந்திய இளைஞர்களைப் பயிற்றுவித்தார். பின்னர் ஆண்டுதோறும் பொங்கல் சமயத்தில் இந்தியரும் ஐரோப்பியரும் சேப்பாக்கத்தில் நேருக்கு நேர் நின்று ஆடினர். 1934 நவம்பர் 4-ல் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் இங்குதான் நடந்தது. 1952 பிப்ரவரியில் இந்தியா தனது முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இங்குதான், தோற்றது இங்கிலாந்து! வினு மன்கட் 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மரத்தடிக்கு விரட்டப்பட்டவர்கள் அதே மண்ணில் பதில் சொன்னார்கள்.

பெரிய ஆட்டம் நடத்தக் கிளப்புகளால்தான் முடியும் என்பாருண்டு. 1956-ல் மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்த டெஸ்ட் எங்கே நடந்தது? சென்னை நகரசபையின் ஸ்டேடியத்தில்!

இந்த மைதானத்துக்குப் பெருமை தேடித் தந்தவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல, ஜனங்களும்தான். 1999 ஜனவரி 31-ல் பாகிஸ்தான் அணி இந்தியாவை 12 ரன் வித்தியாசத்தில் வென்றபோது, சேப்பாக்கம் ரசிகர்கள் எழுந்து நின்று கரகோஷம் செய்தார்கள். பகைமூட்டிப் பிழைப்போருக்கு அதைவிடச் சரியான பதில் வேறென்ன?

அந்த ஜனங்களுக்கு இன்று கிடைப்பது என்ன? நிலம் சர்க்காருடையது; கிரிக்கெட் சங்கம் அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. ஸ்டேடியத்துக்குச் சூட்டியிருப்பதோ சங்கத்தின் தலைவராயிருந்த தொழிலதிபர் எம்.ஏ. சிதம்பரத்தின் பெயர். சுமார் 12 ஆயிரம் பேர் அமரக்கூடிய மூன்று காலரிகள் கட்டட அனுமதித் தகராறால் 2012 முதல் பல ஆண்டுகள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. பின்னர் தடை நீங்கியது. ஆனால் ஐ.பி.எல். ஆட்டமென்றால் மலிவான டிக்கெட்டே ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அன்று தோலின் நிறத்தைப் பார்த்தார்கள். இன்று மடியின் கனத்தைப் பார்க்கிறார்கள்! குற்றால அருவி ஆள் பார்த்து விழுவதில்லை. பொது நிலத்தில் நடக்கும் ஆட்டம் மட்டும் ஏன் ஆள் பார்க்க வேண்டும்?

எனவே நாம் கோருகிறோம்: குத்தகை நிபந்தனைகளையும் வருமானத்தையும் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பகுதி இடங்கள் உழைப்பாளிகளுக்கும் மாணவர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கப்பட வேண்டும். குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு கிராமங்களில் மைதானம் அமைக்கச் செலவிடப்பட வேண்டும். பேரூராட்சிதோறும் புறம்போக்கு நிலத்தில் மைதானம் ஒதுக்கி, யாரும் ஆக்கிரமிக்க முடியாதபடி அதைத் தாலுகா கணக்கில் பதிய வேண்டும்.

வாலிபர்களே! மனு எழுதுங்கள், கையெழுத்துத் திரட்டுங்கள், கிராமசபைகளிலும் பேரூராட்சி மன்றங்களிலும் இக்கோரிக்கையை எழுப்புங்கள். பெவிலியனின் கதவு அன்று தானாகத் திறக்கவில்லை. இன்றும் தானாகத் திறக்காது.