கேள்வியில் இல்லாத வார்த்தை



முதலில் ஒரு பொது அறிவுக் கேள்வி. சுவீடன் நாட்டுக்காகக் கால்பந்தில் அதிக கோல் அடித்தவர் யார்?

ஃபுட்பால் தெரிந்த அண்ணன்கள் யோசிக்காமலே சொல்லிடுவாங்க: ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச், 62 கோல். தப்பு! சரியான விடை லோட்டா ஷெலின், 88 கோல். (பேரைப் படிச்சதும் தண்ணி குடிக்கிற லோட்டாவை நினைச்சுச் சிரிக்காதீங்க. சுவீடனில் அது பெண்களுக்கு வைக்கிற பெயர்.)

ஆமாம், இவர் ஒரு பெண். "அப்படின்னா பெண்கள்ல யாருன்னுதானே கேட்டிருக்கணும்?" என்று இப்போது சிலர் சண்டைக்கு வருவீங்க. என் கேள்வியை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. அதில் 'ஆண்கள்' என்ற வார்த்தையே இல்லை. அதை நீங்களா ஏன் சேர்த்துக்கிட்டீங்க? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

லோட்டா ஷெலின் 1984-இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். வளர்ந்தது கோதன்பர்க் பக்கத்தில். 2004-இல் முதன்முதலாக சுவீடன் அணிக்கு ஆடினார். 2008-இல் பிரான்ஸ் நாட்டின் லியோன் கிளப்புக்குப் போனார். அங்கே எட்டு வருஷம் ஆடினார். எட்டு வருஷமும் பிரான்ஸ் லீக் கோப்பை லியோனுக்குத்தான்! மூன்று முறை ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் வந்தது. 2011 உலகக் கோப்பையில் சுவீடன் மூன்றாம் இடம் பிடித்தது. அதற்கான ஆட்டத்தில் பிரான்ஸை 2-1 என்று ஜெயித்தாங்க. முதல் கோல் இவருடையது. 2013 ஐரோப்பியக் கோப்பைப் போட்டி சுவீடனிலேயே நடந்தது. அதில் 5 கோல் அடித்து முதலிடம் பிடித்தவரும் இவரே. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அணியிலும் இருந்தார். தலையிலும் கழுத்திலும் ஏற்பட்ட பாதிப்பு சரியாகாததால் 2018-இல் ஆட்டத்தை விட்டார்.

இப்போது 2014-ஐ மட்டும் தனியா எடுத்துக்குவோம். அந்த வருஷம் செப்டம்பரில் எஸ்டோனியாவுக்கு எதிராக ஸ்லாட்டன் தன் 50-ஆவது கோலை அடித்தார். 1932 முதல் ஸ்வென் ரிடெல் வைத்திருந்த 49 கோல் சாதனை உடைந்தது. அடுத்த மாதமே லோட்டா தன் 73-ஆவது கோலை அடித்து ஹன்னா யுங்பெரியின் 72 கோல் சாதனையைத் தாண்டினார். ஒரே நாடு, ஒரே வருஷம், இரண்டு சாதனை. ஆனால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான்!

நான் ஒருபக்கமா பேசுறேன்னு நினைக்காதீங்க. கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஸ்லாட்டன் 122 ஆட்டத்தில் 62 கோல். ஓர் ஆட்டத்துக்கு 0.51 வருது. லோட்டா 185 ஆட்டத்தில் 88 கோல். 0.48 வருது. சராசரியில் ஸ்லாட்டன்தான் கொஞ்சம் மேல். 2012-இல் இங்கிலாந்துக்கு எதிராக அவர் தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோல் எனக்கும் பிடிக்கும். யார் பெரிய ஆட்டக்காரர் என்று நான் சண்டை போடவில்லை. 'அதிக கோல்' என்று கேட்டால் அதிகமான எண்ணைத்தான் சொல்லணும். 62-ஐவிட 88 பெரியது. இது நாலாம் வகுப்புக் கணக்கு.

"பெண்கள் ஆட்டம் சுலபம், எதிரணியில் பலம் இருக்காது" என்று ஒரு பேச்சு உண்டு. லோட்டாவின் 73-ஆவது கோல் ஜெர்மனிக்கு எதிராக அடித்தது. 1995 முதல் 2013 வரை நடந்த ஆறு ஐரோப்பியக் கோப்பையையும் விடாமல் ஜெயித்த அணி அது! அவங்களைப் போய் பலமில்லாதவங்கன்னு சொல்ல முடியுமா?

இன்னொன்றும் யோசிக்கணும். சுவீடன் ஆண்கள் அணியின் முதல் ஆட்டம் 1908-இல். பெண்கள் அணியின் முதல் ஆட்டம் 1973-இல். நடுவில் 65 வருஷம்! ஆண்கள் உலகக் கோப்பை 1930-இல் தொடங்கியது, பெண்களுக்கு 1991-இல்தான். 1984-இல் பெண்களுக்கு முதல் ஐரோப்பியக் கோப்பை நடந்தபோது 90 நிமிஷம் ஆட விடவில்லை, 70 நிமிஷம்தான். அந்தக் கோப்பையை ஜெயித்தது சுவீடன். இவ்வளவு தாமதமா ஆரம்பிச்சும் 88 கோல் வந்திருக்கு.

2013-இல் சுவீடனிலேயே ஒரு சர்ச்சை வந்தது. நாட்டுக்காக அதிக ஆட்டம் ஆடிய ஆண் வீரர் என்று ஆண்டர்ஸ் ஸ்வென்சனுக்கு ஒரு கார் பரிசு கொடுத்தாங்க. அவரைவிட அதிக ஆட்டம் ஆடியிருந்த தெரேஸ் ஷோக்ரானுக்குக் கார் இல்லை. ஏன் இல்லை என்று நிறைய பேர் கேட்டாங்க. அதுபற்றிப் பேசிய ஸ்லாட்டன், பெண்கள் ஆட்டத்தோடு ஒப்பிடவே கூடாது, வேணும்னா என் கையெழுத்துப் போட்ட சைக்கிள் ஒன்று கொடுக்கலாம் என்ற மாதிரி சொன்னார். கோல் அடிக்கத் தெரிந்தவருக்கு இது தெரியலையே என்று எனக்கு வருத்தம்தான்.

காரும் சைக்கிளும் அவங்க நாட்டு விஷயம், விடுங்க. பெயராவது சொல்லலாமே! பெயர் சொல்லாவிட்டால், பொது அறிவுப் புத்தகம் படிக்கிற ஆறாம் வகுப்புப் பாப்பா, கோல் அடிக்கிறது ஆண்கள் வேலை போல என்றுதானே நினைச்சுக்கும்?

அதனால் என் கருத்து இதுதான். பெண்கள் சாதனைக்கு 'பெண்கள்' என்று எழுதினால், ஆண்கள் சாதனைக்கும் 'ஆண்கள்' என்று எழுதுங்க. இல்லையென்றால் இரண்டுக்குமே எழுதாதீங்க. ஆண்களில் ஸ்லாட்டன், பெண்களில் லோட்டா, மொத்தத்தில் லோட்டா!

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். அடுத்த வினாடி வினாவில் இந்தக் கேள்வி வந்தால், லோட்டா ஷெலின் என்று எழுதுறவங்களுக்கு முழு மார்க் போடுங்க. ஸ்லாட்டன் என்று எழுதுறவங்களுக்குப் பாவம், பாதி மார்க் போடலாம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி