நாய்க்குச் சோறு போடாமல் காவல் கேட்கலாமா?

ராஜபாளையம் என்றால் நாய். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. வெளியூர்க்காரர்களுக்கு இந்த இரண்டும்தான் தெரியும்.

உள்ளூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மில் ஷிப்டு முடிந்து பஸ்சுக்கு நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் இருமிக் கொண்டிருப்பார். கேட்டால், "பஞ்சுத் தூசி அண்ணாச்சி, வேறே ஒண்ணுமில்லே" என்பார்.

தூசியாகவே இருக்கலாம். பஞ்சுத் தூசி மார்பை அடைக்கும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. ஆனால் அந்தத் தூசிக்குப் பின்னாலே காசநோய் ஒளிந்து கொண்டிருந்தால்?

"அதுக்குத்தான் எதிர்ப்பு சக்தி பவுடர் சாப்பிடுறேனே!" என்று பதில் வரும். அங்கேதான் கோளாறு!

2020-ல் கொரோனா வந்தாலும் வந்தது, "எதிர்ப்பு சக்தி" என்று லேபிள் ஒட்டினால் எந்தச் சரக்கும் விலை போகும் என்றாகிவிட்டது. அந்தச் சக்தி டப்பாவில் அடைத்து விற்கும் சமாச்சாரமா? இல்லவே இல்லை.

உடம்பின் எதிர்ப்பு சக்தி ஒரு காவல் நாய். ராஜபாளையத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காவல் நாய்க்கு வேளாவேளைக்குச் சோறு வேண்டும். ஏவிவிட எஜமான் வேண்டும். அளவு மீறினால் இழுத்துப் பிடிக்கச் சங்கிலி வேண்டும். இதில் எது குறைந்தாலும் வீடு அம்போ! காசநோய், எச்.ஐ.வி., கொரோனா என்ற மூன்று நோய்களும் காட்டும் பாடம் இதுதான்.

சோறு

காசநோய்க் கிருமி மூச்சோடு நுரையீரலுக்குள் போகிறது. அங்கே காவல் இருக்கும் அணு அதை விழுங்குகிறது. ஆனால் கிருமி பலே கில்லாடி! விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். உடம்பு சும்மா இருக்குமா? மற்ற அணுக்களைத் திரட்டிவந்து, சுற்றிலும் சுவர் எழுப்பிவிடும். கிருமி உள்ளேயே தூங்கும்.

இப்படிக் கிருமி புகுந்த நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வெடிக்கிறது. மற்றவர்களைச் சுவர் காப்பாற்றுகிறது. சுவர் எப்போது இடியும்? வயிறு காய்ந்தால் இடியும். சர்க்கரை நோய் முற்றினால் இடியும். பீடியும் குடியும் சேர்ந்தால் இடியும்.

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்தது. எதிர்ப்பு சக்தி எங்கே கிடைக்கிறது என்று இப்போது தெரிகிறதா? பலசரக்குக் கடையில்!

எஜமான்

எச்.ஐ.வி. நாயை விட்டுவிட்டு எஜமான் மேலேயே கை வைக்கிறது. காவல் அணுக்களுக்கு உத்தரவு போடும் சி.டி.4 என்ற அணுக்களைத் தேடித் தேடி அழிக்கிறது. சாதாரணமாக ஒரு துளி ரத்தத்தின் சிறு அளவிலேயே 500-க்கு மேல் எண்ணப்படும் இந்த அணுக்கள் 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ். எழுப்பிய சுவரைக் காக்க ஆள் இல்லை. தூங்கிய காசநோய் துள்ளி எழுகிறது.

இதில் ஒரு விபரீதம் உண்டு. காசநோய்க் கிருமி புகுந்திருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஊசி போடுவார்கள். எதிர்ப்பு சக்தி விழித்திருந்தால் அந்த இடம் தடிக்கும். எச்.ஐ.வி. முற்றியவருக்குக் கிருமி உள்ளே இருந்தும் தடிக்காமலே போகலாம். திருடன் வந்தும் நாய் குரைக்கவில்லை!

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் சென்னையில்தான் 1986-ல் கண்டுபிடிக்கப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதற்கு 32 வருஷம் கழித்து, 2018 டிசம்பரில், விருதுநகர் மாவட்டமே அதிர்ந்தது. சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ரத்தம் கொடுத்தவருக்கோ தன் உடம்பில் கிருமி இருப்பதே அதுவரை தெரியாது. வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்தபோதுதான் தெரிந்தது.

ஆள் திடகாத்திரமாக இருக்கலாம், உள்ளே எஜமான் அடி வாங்கிக்கொண்டிருக்கலாம். சோதனை செய்யாமல் தெரியாது. தெரிந்தால் பயமில்லை. 2004 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டால் கிருமி அடங்கும், எஜமான் எழுந்து உட்காருவார்.

சங்கிலி

2021 சட்டமன்றத் தேர்தல். ஏப்ரல் 6-ல் ஓட்டுப்பதிவு. ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ் ஏப்ரல் 11-ல் கொரோனாவுக்குப் பலியானார். ஓட்டு எண்ணும்போது அவர் இல்லை.

கொரோனாவில் கிருமி மட்டும் ஆளைக் கொல்வதில்லை. சிலருக்கு எதிர்ப்பு சக்தி வெறி பிடித்தாற்போல் கிளம்பி, சொந்த நுரையீரலையே கடித்துக் குதறிவிடுகிறது. அந்த நேரத்தில் சக்தியைக் கூட்டுவதா? கட்ட வேண்டும்! டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, மூச்சுக் கருவியில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020 ஜூனில் இங்கிலாந்து ஆய்வு சொன்னது.

அதே மருந்தைத் தேவையில்லாதவர்களுக்கும் அள்ளிக் கொடுத்தபோது? 2021-ல் கருப்புப் பூஞ்சை வந்தது, சர்க்கரை நோயாளிகளை வேட்டையாடியது. சங்கிலியை இறுக்கினாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து! அளவு தெரிந்தவர் டாக்டர்தான். தடுப்பூசி செய்ததோ வேறு வேலை. திருடன் வருமுன்பே அவன் வாடையை நாய்க்குக் காட்டி வைத்தது.

மில்காரர்களே, கேளுங்கள்!

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை. இரண்டு ஊர் அரசு ஆஸ்பத்திரியிலும் காசு வாங்காமல் பார்க்கிறார்கள். காசநோயாளிக்குச் சாப்பாட்டுச் செலவுக்கு மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். மருந்தும் இலவசம். அப்படியும் தொழிலாளி ஏன் போகவில்லை?

போனால் அன்றைய கூலி போச்சு. நோய் என்று தெரிந்தால் வேலையே போச்சு. அதனால்தான் "தூசி" என்கிறார். அவர் மறைக்கும் ஒவ்வொரு நாளும் பக்கத்து மெஷின்காரருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஆபத்து.

ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்காமல், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950-களிலேயே உலகத்துக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். அப்புறம் அவரை வேலையை விட்டுத் துரத்த என்ன நியாயம்?

பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஊர் ஊராகப் போகும் காயத்துணி நெய்கிறார்கள். நெய்கிறவரின் நெஞ்சுக்குள் புண் இருந்தால் கட்டுப் போடுவது யார்?

இருமுகிறவருக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. நோய் என்றால் வேலை போகாது என்று முதலாளி வாயால் ஒரு உறுதி. கேன்டீன் தட்டில் ஒரு முட்டை, ஒரு கை சுண்டல். மில்லுக்கு மில் இதைச் செய்தால் போதும். பவுடர் டப்பாவை விட இது மலிவு!