ஸ்பாவுக்குப் போங்கள், தூங்கிவிட்டுப் போங்கள்

ஐரோப்பாவில் வாழும் நம்மவர்களிடம் ஒரு பெருமை வேரூன்றியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை லண்டனில் வேலை முடித்து, இரவோடிரவாகக் காரோட்டி, சனிக்கிழமை முகூர்த்தம் தவறாமல் சூரிச் மண்டபத்தில் போய் நின்றேன் என்பதே அது. "ஒரே மூச்சில் வந்தேன்" என்று சொல்லாத வெளிநாட்டு விருந்தாளியை நான் இதுவரை கண்டதில்லை. கேட்டிருப்பவர்களும் தலையாட்டி மெச்சுகிறார்கள். இந்த மெச்சுதலோடுதான் எனக்கு வழக்கு.

லண்டனிலுள்ள என் மருமக்கள் பெல்ஜியத்தின் ஸ்பா கார்ப் பந்தயத் திடலுக்குப் போகத் திட்டமிட்டு, அந்தத் திட்டத்தை இறுப்பிட்டியில் இருக்கும் எனக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஏப்ரலில் அங்கே தன் பிரிவில் இரண்டாமிடம் பெற்றதிலிருந்து, ஸ்பா நம் பிள்ளைகளுக்கு ஒரு தலமாகிவிட்டது. 'தல' போகாவிட்டாலும் தலத்துக்குப் போவோம் என்கிறார்கள். போகட்டும். "நடிகனுக்குப் பின்னால் ஓடுகிறார்கள்" என்று முகம் சுளிக்கும் பெரியவர்களோடு நான் சேரமாட்டேன். மாட்டுவண்டிச் சவாரி பார்க்க ஊர்விட்டு ஊர் போய், தோற்ற சோடிக்காகச் சண்டையும் பிடித்த தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். பந்தயப் பித்து அவர்களுக்கு லண்டனில் வந்ததல்ல.

திட்டத்தைப் படித்தேன். மூன்று கார்கள், பதினொரு பேர். ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் போக்ஸ்ரனிலிருந்து கார்களை ஏற்றிச் செல்லும் சுரங்க ரயில். 1994 மே 6 அன்று திறக்கப்பட்ட அந்தச் சுரங்கத்தின் 50 கிலோமீற்றர் நீளத்தில் 38 கிலோமீற்றர் கடலுக்கு அடியில் கிடக்கிறது. கடப்பதற்கு 35 நிமிடங்கள் போதும். பழைய 'ஜீபீ' ஒட்டுப்படத்துக்குப் பதிலாக 2021 முதல் வேண்டியிருக்கும் 'யூகே' ஒட்டுப்படம், முக்கோண எச்சரிக்கைப் பலகை, ஒளிரும் மேலங்கி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்காதிருக்க முன்விளக்கில் ஒட்டும் தாள் என எதையும் அவர்கள் விடவில்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின் இறைச்சியும் பாலுணவும் கொண்டுபோகக் கூடாது என்பதால், கோழிப் புரியாணியைக்கூடக் கைவிட்டிருந்தார்கள். நம்மவர்களுக்கு இது சிறிய தியாகமல்ல!

விளக்குக்குத் தாள் ஒட்டியவர்கள், அந்த விளக்குக்குப் பின்னால் இருக்கும் கண்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

கணக்கைப் பாருங்கள். வெள்ளி காலை 6 மணிக்கு எழுந்து, நாள் முழுவதும் வேலை செய்து, இரவு 9 மணிக்குப் புறப்பாடு. நள்ளிரவு கடந்து ரயில். கலேயில் இறங்கும்போது கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னால் ஓடிவிடும். அதன்பின் இருட்டில், பழக்கமில்லாத வலப்பக்கமாக, 350 கிலோமீற்றருக்குக் குறையாத ஓட்டம். ஸ்பாவில் சூரியனைக் காணும்போது சாரதி விழித்திருந்த நேரம் 24 மணித்தியாலம். ஞாயிறு பகல் "பக்கத்தில்தானே" என்று ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங். அன்றிரவே நானூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கலே. திங்கள் காலை வேலை.

"மாமா, ஒரு இரவுக்கு ஏன் ஹோட்டலுக்கு வீண் காசு? நான் ஓடுவன்" என்றான் மூத்தவன். பதினொரு பேரில் ஏழு பேரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. ஆனால் ஓட்டப்போவது மூவர் மட்டுமே. காப்புறுதியில் மற்றவர்களின் பெயர் இல்லையாம். சில நாட்களுக்கு மட்டும் இன்னொரு சாரதியின் பெயரைச் சேர்க்க முடியும் என்பது லண்டனில் தெரியாத செய்தியா? நுழைவுச்சீட்டுக்குக் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவா?

இவர்கள் பார்க்கப்போகும் விளையாட்டே இவர்களைக் கண்டிக்கிறது என்பதுதான் வேடிக்கை. நீண்டநேரப் பந்தயம் ஒரு சாரதியின் வீரத்தால் நடப்பதில்லை. ஒரே காரை மூவர், நால்வர் முறைவைத்து ஓட்டுகிறார்கள்; ஒருவர் இறங்க, மற்றவர் ஏறுகிறார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணித்தியாலப் பந்தயத்துக்கான பயிற்சியில் அஜித்தின் கார் மோதிச் சுழன்றது. அதன்பின் அவர் தன் சொந்த அணியின் காரை ஓட்டுவதிலிருந்து தாமே விலகி, ஆசனத்தை மற்றவர்களுக்கு விட்டார். அந்த அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. தலைவர் இருக்கையை விட்டு இறங்குகிறார். ரசிகரோ ஸ்டியரிங்கைச் சித்தப்பா மகனிடம்கூடக் கொடுக்க மறுக்கிறார்.

ஸ்பாவின் கதை இன்னும் வெளிப்படையானது. 1921-இல் ஊர்ச் சாலைகளை இணைத்து ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் தொடங்கிய சுற்று, ஆபத்துக் கருதி 1979-இல் 7 கிலோமீற்றராகச் சுருக்கப்பட்டது. ஆர்டென் மலைக்காட்டில் ஒரு வளைவில் மழையும் மறு வளைவில் வெயிலும் அங்கே வழக்கம். 2019-இல் அன்துவான் உபேர், 2023 மழையில் டிலானோ வான் ற் ஹொஃப் என்று இரண்டு இளம் சாரதிகளை அந்தத் திடல் பலிகொண்டது. 2021 ஆகஸ்ட் 29 அன்று உலகின் தலைசிறந்த போர்முலா வண் சாரதிகள் மழையில் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். முடிவில் பாதுகாப்புக் காருக்குப் பின்னால் சில சுற்றுகள் ஊர்ந்ததோடு பந்தயம் முடிந்தது, பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டன. முன்னால் போகும் கார் தெரியவில்லை என்பதே காரணம். அவர்களைக் கோழைகள் என்று யார் சொன்னார்கள்? அதே மழையில், அதே நாட்டு நெடுஞ்சாலையில், உறங்காத கண்களோடு நாம் மட்டும் மணிக்கு 120 கிலோமீற்றரில் போகலாமாம்.

நூர்பேர்க்ரிங்கின் வடக்குச் சுற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். 1927-இல் திறக்கப்பட்ட, 20.8 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையில் கட்டணம் செலுத்தி யாரும் தம் காரை ஓட்டலாம். 1976-இல் நிக்கி லாவுடா எரிந்துபோன காரிலிருந்து மீட்கப்பட்டது அங்கேதான். அதன்பின் போர்முலா வண் அந்தச் சுற்றுக்குத் திரும்பவில்லை. அங்கே ஓடும் வாகனத்துக்குப் பல காப்புறுதி நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை. தடுப்புவேலியில் மோதினால் வேலிக்கும், காரை இழுப்பதற்கும், பாதையை மூடிய நேரத்துக்கும் உங்கள் பெயரில் கணக்கு வரும். குடும்பக் காரில், பின்னிருக்கையில் தங்கையை இருத்திக்கொண்டு போகும் இடமல்ல அது.

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். "வேகக் கட்டுப்பாட்டை இழந்த கார் வீதியை விட்டு விலகி" என்று எழுதுவது நம் செய்தித் தமிழின் வழக்கம். கார் எப்படி ஐயா தானாகக் கட்டுப்பாட்டை இழக்கும்? சாரதி எத்தனை மணித்தியாலம் தூங்கவில்லை என்ற ஒரேயொரு கேள்வியை எந்தச் செய்தியும் கேட்பதில்லை. அடுத்த நாள் கண்ணீர் அஞ்சலிகள் வருகின்றன; அவற்றில் காலனும் விதியும் குற்றவாளிகள். ஊர்ச் சங்கங்கள் மலர்வளையம் வைக்கின்றன. அடுத்த மாதம் அதே சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு, அதே வழியால், அதே இரவில் இன்னொரு கார் புறப்படுகிறது. இதற்கும் யமனுக்கும் சம்பந்தமில்லை.

நாங்கள் கடலோடிகள், எங்களுக்கென்ன பயம் என்று சிலர் எழுதுவார்கள். குறிகட்டுவான் துறையில் வந்து பாருங்கள். சோளகம் ஓங்கினால் நெடுந்தீவுக்குப் படகு போகாது. அவசரம் என்று கத்துபவரையும் வைத்துக்கொண்டே படகோட்டி வானத்தைப் பார்ப்பார், அலையைப் பார்ப்பார், "இண்டைக்கு இல்லை" என்பார். கடலை அறிந்தவனின் முதல் அறிவு, எப்போது கயிற்றை அவிழ்க்கக்கூடாது என்பது.

ஆகவே, போகிறவர்களுக்கு. பிரித்தானிய வீதி விதிநூலே, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடமாவது ஓய்வெடுக்கவும், நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையே நீண்ட பயணத்தைத் தவிர்க்கவும் சொல்கிறது. வெள்ளி இரவு வீட்டில் தூங்கிச் சனி விடியப் புறப்படுங்கள். காலைப் பந்தயம் போகட்டும். காருக்கு இரண்டு சாரதிகள். பெல்ஜியத்தில் பல சந்திகளில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதலுரிமை என்பதை மனதில் வையுங்கள். இங்கிலாந்தில் அனுமதிக்கப்படும் மது அளவு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் குற்றம். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குப் பிரித்தானிய வதிவிட உரிமை இருந்தாலும் ஷெங்கன் விசா வேண்டும். அகதிப் பயண ஆவணம் உள்ளவர் வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டின் விதியையும் தனித்தனியே பார்க்கவேண்டும். போக்ஸ்ரனிலேயே பிரெஞ்சு அதிகாரிகள் இதைக் கேட்பார்கள். ஒருவரைத் திருப்பி அனுப்பினால், இழந்த நேரத்தை ஈடுசெய்யவென்று மற்றவர்கள் காரை விரட்டுவார்கள்.

திருமணத்துக்கும் ஒன்றுகூடலுக்கும் அழைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் மண்டபத்தின் வரைபடம் போடுகிறீர்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் எந்த வீட்டில் படுப்பது என்றும் போடுங்கள். எங்கள் தீவில் கடைசிப் படகைத் தவறவிட்டவருக்குப் பாய் விரிக்காத வீடில்லை. கலேயிலிருந்து ஸ்பா போகும் வழியில் பிரசெல்ஸ் இருக்கிறது, அங்கேயும் நம்மவர் வீடுகள் இருக்கின்றன. இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பார்கள்.