சாலை யாருக்கு?
அரியலூர், பெரம்பலூர் மக்கள் எழுப்பும் கேள்வி

அரியலூரிலும் பெரம்பலூரிலும் இன்று ஊருக்கு ஊர் ஒரு வாதம் நடக்கிறது. டீக்கடையில் நடக்கிறது, பஸ் நிறுத்தத்தில் நடக்கிறது, கிராம சபையிலும் நடக்கிறது. ஊர் நடுவே பாய்ந்து வரும் லாரிகளை எப்படி அடக்குவது என்பதே வாதம். வேகத்தடை போடு என்கிறார் ஒருவர். வேண்டாம், அதில் தடுக்கி விழுந்தே ஆள் சாகிறான் என்கிறார் மற்றவர். டிரைவரை இறக்கி நாலு சாத்து சாத்தினால் புத்தி வரும் என்கிறார் மூன்றாமவர். புறவழிச் சாலை வரட்டும், எல்லாம் தீரும் என்கிறார் நான்காமவர்.

நால்வரும் உழைப்பாளிகள். நால்வரின் பிள்ளைகளும் அதே சாலையைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆகவே இதை வெறும் ஊர் வம்பு என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை. தொழிலாளி வர்க்கத்தின் கட்சி இதில் தெளிவான நிலை எடுத்தாக வேண்டும்.

லாரி ஏன் வருகிறது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ச் சீமை கடலாக இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சொத்துத்தான் சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் சிமெண்ட் ஆலைகள் இங்கே வந்தன. சர்க்காருக்குச் சொந்தமான டான்செம் ஆலையும் அரியலூரிலே இருக்கிறது.

ஒரு டன் சிமெண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். ஆண்டுக்கு 10 லட்சம் டன் சிமெண்ட் செய்யும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். அதற்கு 15 லட்சம் டன் கல் தேவை. லாரிக்கு 25 டன் என்று வைத்தால் 60,000 லோடு. ஆண்டில் 300 நாள் ஓட்டினால் நாளொன்றுக்கு 200 லோடு. போகும் லாரி திரும்பியும் வர வேண்டுமே! ஆக 400 முறை. ஒரு நாளில் 16 மணி நேரம் ஓடினால், ஏறத்தாழ இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு லாரி உங்கள் வீட்டு வாசலைக் கடக்கும். இது ஓர் ஆலையின் கல்லுக்கு மட்டும் போட்ட கணக்கு. நிலக்கரி வரும் லாரியும், சிமெண்ட் ஏற்றிப் போகும் லாரியும் தனி.

பெரம்பலூரின் கதை வேறு வகை. சென்னை–திருச்சி நான்கு வழிச் சாலை வந்தது. காரில் போகிறவருக்கு நேரம் மிச்சமாயிற்று. ஆனால் சாலையின் இரு பக்கமும் வாழ்கிறவனுக்கு? வீடு ஒரு புறம், வயல் மறு புறம். பள்ளி ஒரு புறம், பஸ் நிறுத்தம் மறு புறம். ஊர் இரண்டாகப் பிளந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு கடக்கும் விவசாயத் தொழிலாளி, மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் காருக்கு எதிரே நிற்கிறான்.

மூன்று நாளைக்கு ஒரு ரயில் விபத்து

1956 நவம்பர் 23-ஆம் தேதி அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடே கொதித்தது. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமாச் செய்தார்.

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர். அதாவது மூன்று நாளைக்கு ஒரு அரியலூர் ரயில் விபத்து! எந்த மந்திரி விலகினார்? எந்த அதிகாரி பதில் சொன்னார்? மொத்தமாகச் செத்தால் விசாரணை. சில்லறையாகச் செத்தால் டிரைவர் மேல் ஒரு வழக்கு, அத்தோடு சரி. அதே ஆண்டில் இந்தியா முழுவதும் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். வண்டி இல்லாதவன், வண்டிக்குப் பலியாகிறான்.

நான்கு யோசனைகள்

இனி அந்த நால்வரின் யோசனைகளுக்கு வருவோம்.

டிரைவரை அடிப்பது என்பது முதலாளிக்குச் செய்யும் உதவி. டிரைவர் யார்? நம்மைப் போன்ற கூலிக்காரன். பல இடங்களில் அவனுக்கு மாதச் சம்பளம் பெயரளவுக்குத்தான்; நடைக்கு இவ்வளவு என்பதே அவன் அரிசி. நடை குறைந்தால் அடுப்பு எரியாது. எனவே மிதிக்கிறான். அவன் காலை மிதிக்க வைப்பது எது? லாப வேட்டை! மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பு எத்தனை லாரிகளில் ஓடுகிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவை நம் தோழர்கள் படிக்க வேண்டும். வேகமாக ஓட்டியவனை மட்டும் அது பிடிப்பதில்லை. ஓட்டச் செய்த எஜமானனையும் பிடிக்கிறது. வேக வரம்பை மீறாமல் முடிக்க முடியாத நேரத்தை ஒருவர் விதித்தால், அந்த உத்தரவே அவர்மேல் சாட்சி என்கிறது. அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம். அதிலும் ஏற்றச் செய்தவன் பொறுப்பாளி. சட்டம் இருக்கிறது. அது கூலிக்காரன் மேல் மட்டும் பாய்கிறது என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

வேகத்தடைக்கு வருவோம். வேண்டும் என்பவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வேண்டாம் என்பவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடியில் 17 மீட்டர் பாயும். பிரேக்கில் கால் வைக்குமுன்பே அவ்வளவு தூரம் வந்துவிடும். 30 கிலோமீட்டரில் அது 8 மீட்டர்தான். வேகம் இரட்டித்தால் மோதும் சக்தி நான்கு மடங்காகும். ஆகவே வேகத்தைக் குறைக்காமல் உயிரைக் காக்க முடியாது. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக ஜல்லியைக் கொட்டிக் குவித்தால் அது வேகத்தடை ஆகாது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த அளவு இது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். வண்டி 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கலாம். அதுவும் சிறு சாலைகளுக்கு. குறுகலாய், செங்குத்தாய், வெள்ளைக்கோடும் விளக்கும் இல்லாமல் போட்டால், இருட்டில் மோட்டார் சைக்கிளில் வரும் தொழிலாளிதான் விழுவான். தேசிய நெடுஞ்சாலைகளிலிருந்து வேகத்தடைகளை எடுக்கும்படி மத்திய சர்க்கார் 2016-இல் உத்தரவிட்டது. எடுத்த இடத்தில் மாற்று என்ன வைத்தார்கள் என்பதே கேள்வி. ஊர் எல்லையில் சாலையைக் குறுக்குவது, நடுவில் நின்று கடக்கத் திட்டு, உயர்த்திய கடவுப்பாதை, நடைபாதை, விளக்கு என்று வழிகள் உண்டு.

புறவழிச் சாலை? வரட்டும். ஆனால் கடைத்தெருவில் நின்ற சாவு, புறவழி கிராமச் சாலையை வெட்டும் இடத்துக்குக் குடிமாறும். கீழ்ப்பாலமும் கடவுப்பாதையும் இல்லாத புறவழி, ஊரை ஏமாற்றும் வழி.

பணம் இல்லையா?

பணம் எங்கே என்பார்கள். 2015-இல் திருத்திய கனிமச் சட்டப்படி மாவட்டக் கனிம அறக்கட்டளை உண்டு. பழைய குத்தகைக்காரர் ராயல்டியில் 30 சதவீதமும், 2015-க்குப் பின் ஏலத்தில் எடுத்தவர் 10 சதவீதமும் அதற்குக் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கான பணம் அது. அந்தப் பணத்தில் நடைபாதை கேட்பது பிச்சை அல்ல; பாக்கியை வசூலிப்பது.

கல்லைச் சாலையில்தான் கொண்டுவர வேண்டுமா? மேகாலயாவின் சுரங்கத்திலிருந்து வங்கதேசத்தின் சாத்தக் ஆலைக்கு, எல்லை தாண்டி 17 கிலோமீட்டர் கன்வேயர் பெல்ட்டில் சுண்ணாம்புக்கல் போகிறது. தேச எல்லையைத் தாண்ட முடிகிறது. நமது கிராமத்தைச் சுற்றிப் போக முடியாதா? முடியும். ஆலை செலவழிக்க வேண்டும். இன்று அந்தச் செலவை நம் பிள்ளைகளின் உயிரில் எழுதிவைக்கிறார்கள்.

போராடியவர் பெற்றனர்

ஹாலந்து தேசத்தில் 1971-இல் சாலைகளில் மாண்டவர் 3,000-க்கு மேல். அவர்களில் 400-க்கு மேல் குழந்தைகள். தாய்மார்கள் தெருவில் இறங்கினர். குழந்தைக் கொலையை நிறுத்து என்று மறித்தனர். தெருக்களின் அமைப்பே மாறிற்று. ஸ்வீடன் பார்லிமெண்ட் 1997-இல், சாலையில் ஒரு சாவும் நியாயமல்ல என்று தீர்மானித்தது. நம் நாட்டிலும் கோவை எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில்தான், மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2017-இல் உத்தரவிட்டது. தானாக எதுவும் வரவில்லை.

நமது கோரிக்கைகள் இவை. பள்ளி நேரத்தில் ஊர் வழியே கனரக லாரி கூடாது; சட்டத்தின் 115-ஆவது பிரிவு சர்க்காருக்கு அந்த அதிகாரம் தருகிறது. ஊருக்குள் 30 கிலோமீட்டர் வரம்பு. சுரங்க வாசலிலேயே எடைமேடை. அதன் கணக்கு மக்கள் பார்வைக்கு. நடைக்கூலி ஒழிந்து டிரைவருக்கு முழுச் சம்பளம். ஆலைகளுக்குத் தனிப்பாதை அல்லது பெல்ட். இவற்றை டான்செம் ஆலையில் சர்க்கார் முதலில் நிறைவேற்றிக் காட்டட்டும்.

தோழர்களே! அளவு நாடாவையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுங்கள். உங்கள் ஊரில் மணிக்கு எத்தனை லாரி, எங்கே விளக்கில்லை, எந்த வேகத்தடை அளவு தவறியது என்று குறியுங்கள். அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாக்குங்கள். கலெக்டர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவின் மேஜையில் வையுங்கள். அந்தத் தீர்மானத்தில் லாரி டிரைவர்களின் கையெழுத்தும் இருக்கட்டும். ஊராரும் டிரைவரும் ஒரே பக்கம் நின்றால், மறு பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது அன்றே விளங்கிவிடும்.