எண்ணெய் வந்ததா?

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குச் செல்லும் சாலையில் பிரயாணம் செய்யும் நேயர்கள் இப்படி ஒரு காட்சியை எப்போதாவது கண்டிருக்கக்கூடும். வேப்பமர நிழலில் பழைய டீஸல் அம்பாஸிடர் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதைச் சுற்றி ஐந்தாறு வைத்தியர்கள். "பம்ப் போய்விட்டது" என்பார் ஒருவர். "ஹீட்டர் பிளக் எரிந்திருக்கும்" என்பார் இரண்டாமவர். "எஞ்சின் பிடித்துக்கொண்டது, இனிப் பழைய இரும்புக்குத்தான்" என்று மூன்றாமவர் தீர்ப்பே சொல்லிவிடுவார். வண்டிக்கு உடையவர் மாத்திரம் வாய் திறவாமல் நிற்பார். மற்றவர்கள் சொல்லும் ஒவ்வொரு வியாதிக்கும் பணம் கொடுக்க வேண்டியவர் அவர் ஒருவர்தானே!

அம்பாஸிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆயினும் அதையும் அதன் வயதொத்த வேறு டீஸல் வண்டிகளையும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அவர்களுக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. காரணம் தெரியாமல் பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினாலோ, பல நாள் வருமானம் போயிற்று. இத்தனைக்கும், ஓடிக்கொண்டிருந்த டீஸல் வண்டி வழியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் அற்பக் காரணமே இருக்கும். ஆகவே அக்காரணத்தைத் தேடும் முறையை இவ்வாரம் சிறிது கவனிப்போம்.

டீஸல் எஞ்சினின் சுபாவத்தை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. சிவகாசிக்காரர்களுக்கு நெருப்பைப் பற்றி நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த காலத்திலிருந்து அவ்வூர் நெருப்போடு பழகி வருகிறது. தீக்குச்சி பற்ற உரசல் வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்கு மின்சாரப் பொறி வேண்டும். டீஸல் எஞ்சினுக்கு இரண்டும் வேண்டாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அதே தத்துவந்தான். காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அந்தக் கணத்தில் எண்ணெயைப் பனிபோல் பீச்சினால் தானாகவே பற்றிக்கொள்கிறது.

ருடால்ப் டீஸல் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் இவ்வித யந்திரத்தை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900-ஆம் ஆண்டில் பாரிஸில் நடந்த பொருட்காட்சியில் டீஸல் யந்திரம் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடிற்று. கடலைக்கும் எண்ணெய்க்கும் பேர்போன சந்தையாகிய விருதுநகரில் வாழும் நேயர்கள் இதைக் கேட்டுச் சற்றுப் பெருமை கொள்ளலாம், தவறில்லை.

எஞ்சினுக்கு வேண்டியவை ஆக மூன்று: காற்று, அதை நெருக்கும் வலிமை, சரியான சமயத்தில் சுத்தமான எண்ணெய். இவற்றுள் நேற்று வரை நன்றாக ஓடிய எஞ்சினின் வலிமை ஒரே நிமிஷத்தில் மறைந்துபோவது அபூர்வம். அது மெல்ல மெல்லத் தேயும், காலையில் கிளம்பத் தாமதிக்கும், புகை கக்கும், பல மாதம் முன்பே எச்சரிக்கும். காற்றுக் குழாய் அடைபட்டாலும் முதலில் கரும்புகைதான் வரும். திடீரென்று கைவிடுவது எண்ணெய்தான். எனவே, நின்றுபோன டீஸல் வண்டியிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எண்ணெய் வந்ததா?" என்பதே.

ஸ்பானரை எடுப்பதற்கு முன் டிரைவரை விசாரிக்க வேண்டும். நாடி பிடிக்குமுன் நோயாளியின் வாய்மொழியைக் கேட்பதுதானே வைத்திய முறை? வண்டி எப்படி நின்றது என்பதிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது. இருமி, இழுவை குறைந்து, மறுபடி சிறிது பிடித்து, பிறகு அடங்கியதென்றால் எண்ணெய் குறைந்து வந்திருக்கிறது. அல்லது எண்ணெயோடு காற்றும் சேர்ந்து வந்திருக்கிறது. விளக்கை அணைத்தாற்போல் ஒரே நொடியில் அடங்கியதென்றால், எண்ணெயை நிறுத்தும் ஏற்பாட்டையோ, பம்பைச் சுழற்றும் பாகத்தையோ, டைமிங் பெல்ட்டையோ சந்தேகிக்க வேண்டும். சூட்டு முள் ஏறி, எஞ்சின் முனகி, இறுகி நின்றதென்றால் விஷயம் வேறு. அப்போது தண்ணீரையும் எஞ்சின் ஆயிலையும் பார்க்காமல் சாவியைத் தொடவே கூடாது. ரேடியேட்டர் மூடியையும் சூடு தணியுமுன் திறக்கலாகாது.

நொடியில் அடங்கிய வண்டியையும் உடனே ஸெல்பில் சுற்றிப் பார்க்கக் கூடாது. டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் வால்வும் பிஸ்டனும் மேலும் மோதிக்கொள்ளும். முன்புறக் கப்பி நட்டில் ஸ்பானரை மாட்டிக் கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். சுழன்றால் எஞ்சின் பிடித்துக்கொள்ளவில்லை என்று ஏற்படும். அவ்விதம் திருப்பும்போது, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால், பல எஞ்சின்களில் ராக்கர்கள் அசைவது தெரியும். அசைந்தால் பெல்ட்டோ சங்கிலியோ அறவில்லை. பலமின்றித் திருப்பியும் எங்கேயாவது தட்டி நின்றால், அங்கேயே விட்டுவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே உத்தமம்.

இனி ஸெல்பைப் போடலாம். அப்போது ஒருவர் பின்புறம் நின்று புகைக்குழாயைக் கவனிக்கட்டும். பொய் சொல்லத் தெரியாத சாட்சி அது. எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றியும் சிறிதளவு புகைகூட வரவில்லையென்றால் உள்ளே எண்ணெய் செல்லவில்லை. வெண்புகை வந்தால் எண்ணெய் சென்றும் எரியவில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கலாம், வலிமை குன்றியிருக்கலாம், பம்பின் சமயம் பிசகியிருக்கலாம். பாட்டரி சோர்ந்து எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் காற்றும் போதிய சூடேறாது. அதற்காக எஞ்சினைப் பழிப்பதில் பயனில்லை. ஹீட்டர் பிளக்கோ குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவுவது மாத்திரமே. ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டி நின்றதற்கு அதைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று.

புகையே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். செலவில்லாத காரணங்களிலிருந்து தேடத் தொடங்க வேண்டும். தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா? முள்ளை நம்பாமல் மூடியைத் திறந்தே பார்க்கலாம். திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால், மூடியிலோ தொட்டியிலோ உள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. எண்ணெய் வெளிவர இயலாமல் தவித்திருக்கிறது. அடுத்தது நிறுத்தும் ஏற்பாடு. சில வண்டிகளில் இழுத்து நிறுத்தும் கம்பி. அது பாதியில் சிக்கியிருக்கலாம். வேறு சிலவற்றில் பம்பின்மேல் மின்சார அடைப்பான் உண்டு. சாவியைத் திருப்பினால் அங்கே 'டிக்' என்று ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ப்யூஸையும் கம்பியையும் பாருங்கள். ஒரு கம்பி கழன்றதற்காகப் பம்பையே மாற்றிய கதைகள் பட்டறைகளில் ஏராளம்.

அடுத்தது ஃபில்டர். அதன் அடிப்பாகத்து எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தங்கிவிடும். பழைய தொட்டியின் துருவும் சேறும் அப்படியே வெளிப்படும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் பாதி காலியான தொட்டிக்குள் ஈரம் படிவது இயற்கையே. ஃபில்டரின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தி, ஃபீட் பம்பைக் கையால் இயக்கினால், குமிழி குமிழியாகக் காற்று வெளியேறி, பிறகு தெளிந்த எண்ணெய் வரவேண்டும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'ஏர் எடுப்பது' என்கிறார்கள். எடுத்த பிறகு வண்டி ஓடி, சற்று தூரத்தில் மறுபடியும் நின்றால், எங்கோ குழாய் இணைப்பு காற்றை உறிஞ்சுகிறது. வெடித்த ரப்பர்க் குழாயும், நைந்த வாஷரும் எண்ணெயை வெளியே சொட்டவிடாமலே காற்றை உள்ளே இழுக்கும் என்பது கவனிக்கத்தக்கது.

பம்பைக் கழற்றுமுன் செய்யத்தக்க பரீட்சை இன்னொன்று உண்டு. சுத்தமான எண்ணெய் நிறைந்த புட்டியை உயரத்தில் நிறுத்தி, அதிலிருந்து சிறு குழாய் மூலம் நேரே பெரிய பம்புக்கு எண்ணெய் விட்டு, ஏர் எடுத்துக் கிளப்பிப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடினால் பம்பு நிரபராதி. குற்றவாளி தொட்டிக்கும் ஃபில்டருக்கும் இடையில் ஒளிந்திருக்கிறான். ஓடாவிட்டால்தான் பம்பின்மேல் சந்தேகம் கொள்ள நமக்கு அதிகாரம் ஏற்படுகிறது. பம்பிலிருந்து நாசிலுக்குச் செல்லும் குழாய்களைச் சோதிப்பதைத் தேர்ந்தவரிடம் விட்டுவிடுவது நலம். அங்கிருந்து பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் ஊசி குத்தினாற்போல் சிறிதாகத் தெரிந்தாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நிற்க. சிவகாசி வட்டாரத்திற்கென்று தனியாக ஒரு வார்த்தை சொல்லாமல் முடிப்பதற்கில்லை. தீபாவளி நெருங்கினால் வெளியூர்க்காரர்கள் மோட்டாரில் வந்து பட்டாசு வாங்கிச் செல்வது வழக்கம். அப்படிப் பட்டாசு ஏற்றிய வண்டி வழியில் நின்றால், மேலே சொன்ன பரீட்சைகள் எல்லாம் பிற்பாடுதான். முதலில் குழந்தைகளையும் பெரியவர்களையும் இறக்கித் தூரத்தில் நிறுத்த வேண்டும். பிறகு வண்டியைத் தள்ளி, வீடுகளும் கிடங்குகளும் இல்லாத இடத்தில் ஓரங்கட்ட வேண்டும். ஸெல்ப் மோட்டாரைத் திருப்புளியால் இணைத்துப் பொறி பறக்கவிடுவதும், காற்றுக் குழாயில் பெட்ரோல் துணியைக் காட்டுவதும், தொட்டிக்குள் பார்க்கத் தீக்குச்சி கிழிப்பதும் எங்கும் ஆபத்தானவையே. பட்டாசுக்கு அருகில் அவை பாதகச் செயல்கள். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவச் சென்றவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடியவர்களும் அவர்களில் இருந்தனர். அந்தத் துயரத்தை அறிந்த மண்ணில், நின்றுபோன வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடாதிருப்பதே பேருதவி.

ருடால்ப் டீஸல் 1913-ஆம் ஆண்டில் கப்பலில் இங்கிலாந்துக்குச் செல்கையில் இரவோடிரவாக மறைந்துபோனார். பின்னர் அவர் உடல் கடலில் கண்டெடுக்கப்பட்டது. தாமே விழுந்தாரா, வேறு ஏதேனும் நேர்ந்ததா என்பது இன்று வரை ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் அவர் சிருஷ்டித்த யந்திரத்தின் முடிவில் அத்தகைய மர்மம் ஏதும் இல்லை. வரிசை தவறாமல் கேட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் அது விடை சொல்லிவிடும். கேட்பதற்குப் பொறுமையும், ஒரு கண்ணாடிப் புட்டியும், ஒரு மாற்று ஃபில்டரும் வண்டியில் இருந்தால் போதும். பணப்பையை அவிழ்ப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.