சாட்சியின் முதல் வார்த்தை

1984இல் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், பர்லிங்டன் நகரில், ஒரு கல்லூரி மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். உயிர் தப்பினால் தாக்கியவனை அடையாளம் காட்டியே தீர வேண்டும் என்று அந்த நேரத்திலும் அவன் முகத்தை ஊன்றிப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். போலீஸார் நீட்டிய புகைப்படங்களில் சில நிமிடங்கள் யோசித்து ரொனால்ட் காட்டனின் படத்தை எடுத்தார். பிறகு நடந்த அடையாள அணிவகுப்பில் இருவருக்கிடையே தடுமாறி, மறுபடியும் காட்டனையே காட்டினார். இரண்டிலும் இடம்பெற்றிருந்தவர் காட்டன் ஒருவர்தான். படத்தில் காட்டியதும் இவரைத்தான் என்று போலீஸார் சொன்னதோடு மாணவியின் தயக்கம் தீர்ந்தது. 1987 மறுவிசாரணையில் உண்மைக் குற்றவாளியையே எதிரில் நிறுத்தியபோதும், இவரைப் பார்த்ததே இல்லை என்றார். 1995இல் டிஎன்ஏ பரிசோதனை உண்மையைச் சொல்வதற்குள் காட்டன் பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்துவிட்டார்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, நினைவுதான் மாறிவிட்டது. 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று வெவ்வேறு குழுக்களிடம் வெவ்வேறு சொற்களில் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முன்பு 'மோதி நொறுங்கின' என்ற சொல்லோடு கேட்கப்பட்டவர்களில் 50 பேருக்கு 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்துக்கொண்டன' என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

நம் நீதிமன்றங்களிலோ, குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைச் சாட்சி அடையாளம் காட்டுவதே முதன்மைச் சாட்சியம். அடையாள அணிவகுப்பு அதற்கு வலுச்சேர்ப்பது மட்டுமே. நினைவு பலமுறை கலங்கிய பிறகு, பெரும்பாலும் ஆண்டுகள் கழித்துச் சொல்வதற்குத்தான் எடை அதிகம். சத்தியப் பிரமாணமும் குறுக்கு விசாரணையும் இருக்கின்றனவே என்பார்கள். குறுக்கு விசாரணை பொய்யரை மடக்கும். மனமார நம்பித் தவறாகச் சொல்பவரை அசைக்காது. சாட்சிகளைச் சந்தேகித்தால் குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள் என்ற கவலை நியாயமானது, ஏனென்றால் கேமரா இல்லாத ஊர்களில் கண்ட சாட்சிதான் கதி. ஆனால் நினைவு தவறும் இந்த ஆபத்து முன்பின் தெரியாத முகங்களைப் பற்றியது. அங்கும் முறையாக நடத்தப்பட்ட முதல் அடையாளத்தின்போது சாட்சி காட்டும் உறுதி பெருமளவு நம்பத்தக்கது என்று உளவியலாளர்கள் ஜான் விக்ஸ்டெட், கேரி வெல்ஸ் இருவரும் 2017இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினர். ஆகவே, சந்தேக நபர் யாரென்று அறியாதவரே அணிவகுப்பை நடத்த வேண்டும். சாட்சியின் முதல் வார்த்தைகள், தயக்கம் உட்பட, அங்கேயே ஒளிப்பதிவாக வேண்டும். கூண்டைப் பார்த்துச் சொல்வதைவிட அதற்கே எடை கூட வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாளம் காட்டும்போது பதிவு செய்வதைச் சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்கிறது. அதை எல்லாச் சாட்சிகளுக்கும் விரிவாக்க நாடாளுமன்றம் தாமதிக்கக் கூடாது.