ஊசி போடாத டொக்டர்

பாம்பை அடிச்சு, ஷொப்பிங் பையில போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது நாங்கதான். தலையை நசுக்கினதும் நாங்கதான். அந்தத் தலை எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு மாமி மஃரிப் நேரம் தென்னந்தோட்டத்தில காய்ஞ்ச ஓலை இழுத்துக்கொண்டு இருந்தவ. விரல்ல கடிச்சது ஒரு முழங்கூட இல்லாத சின்ன விரியன். த்ரீவீல்ல கொண்டு போனோம். வார்டில நின்ற சின்ன டொக்டர் கையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், ஒரு கண்ணாடிக் குழாயில கொஞ்சம் ரத்தம் எடுத்து மேசையில வச்சார். பிறகு பெரிய டொக்டருக்கு போன் எடுத்துப் பேசினார். பேசினது சிங்களமும் இங்கிலீஷும். எங்களுக்கு விளங்கின ஒரே விஷயம், ஊசி போடப் போறதில்ல.

வெளிய வந்து நாங்க போட்ட சத்தம் கொஞ்சமில்ல. "மருந்து இருந்தும் போடல்ல", "தமிழ் ஆக்கள் என்றதால போடல்ல" என்று ஆளுக்கொரு கதை. ஒருத்தன் வீடியோவும் எடுத்தான். மூணாம் நாள் மாமிக்கு சிறுநீர் குறைஞ்சு, கிட்னி பழுதாகுது என்று வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினாங்க. நாங்க சொன்னது சரியாப் போச்சு என்று நினைச்சோம். சரியாப் போகல்ல. அதைத்தான் இங்க எழுதுறோம்.

இலங்கையில பாவிக்கிற பாம்பு விஷ முறிவு மருந்து இந்தியாவில இருந்து வருது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்பின் விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதன் ரத்தத்தில இருந்து எடுக்கிற மருந்து அது. மாமியைக் கடிச்சது மூக்கு நுனி மேல்நோக்கி வளைஞ்ச ஒரு விரியன். சிங்களத்தில பொலொன் தெலிஸ்ஸா என்பாங்க, விஞ்ஞானப் பெயர் ஹிப்னேல். இலங்கையில ஆட்களை அதிகம் கடிக்கிற விஷப் பாம்புகள்ல அதுவும் ஒன்று, ஆனா அந்த நாலில அது இல்ல. அதுக்கென்று ஒரு முறிவு மருந்து இன்னும் கைக்கு வரல்ல.

'பலிக்காட்டியும் போட்டுப் பார்க்கலாமே' என்றுதான் நாங்களும் கேட்டோம். 2011இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வில, இந்த மருந்து ஏத்தின 1007 பேர்ல நாலில மூணு பங்குக்கு ஏதோ ஒரு எதிர்விளைவு வந்திருக்கு. சிலருக்கு உடம்பு அரிப்போட போச்சு, சிலருக்கு மூச்சடைப்பு, பிரஷர் இறங்குறது. முன்கூட்டியே கொஞ்சம் அட்ரினலின் குடுத்தால் கடுமையான விளைவு குறையும் என்று கண்டுபிடிச்சதும் அதே ஆய்வுதான். கண்ணாடி விரியன் கடிச்சவருக்கு அந்த ஆபத்தை எடுக்கலாம், உயிர் கிடைக்குமே. மாமிக்கு எடுத்தால் ஆபத்து மட்டும்தான் மிச்சம்.

அப்போ கடிச்சது எதென்று எப்படி நிச்சயம்? இங்கதான் நசுங்கின தலை வருது. இந்தப் பாம்பைச் சுருட்டை விரியன் என்றோ, கண்ணாடி விரியன் குட்டி என்றோ பிழையா நினைச்சு மருந்து ஏத்தினது நாட்டில நடந்திருக்கு. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில உள்ள குழி, தலையில உள்ள பெரிய செதில், இதுகளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அதை நாங்க கல்லால அடிச்சுக் கூழாக்கி வச்சிருந்தோம். (பாம்பைக் கொண்டு போகவே தேவையில்ல, தூரத்தில நின்று ஒரு போட்டோ போதும்.)

அதனாலதான் அந்தக் கண்ணாடிக் குழாய். 20 நிமிஷம் ஆட்டாம அசைக்காம வச்சு, பிறகு சரிச்சுப் பார்ப்பாங்க. ரத்தம் உறைஞ்சிருந்தால் ஒரு கதை, தண்ணி மாதிரி ஓடினால் வேற கதை. பிளாஸ்டிக் குழாய் சரிவராது, கண்ணாடிதான் வேணும். மாமியின் ரத்தம் உறைஞ்சது. அதோட விடல்ல, அன்றிரவும் திரும்பத் திரும்ப எடுத்தாங்க. நாங்க அதை "சும்மா வச்சிருக்காங்க" என்று வீட்டுக்குச் சொன்னோம். காத்திருக்கிறதும் ஒரு வைத்தியம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல்ல.

கிட்னி? 1990களில் இலங்கை ஆஸ்பத்திரிகளில் இந்தப் பாம்பு கடிச்ச 302 பேரைப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கு. 30 பேருக்குக் கிட்னி பாதிச்சது, 5 பேர் இறந்தாங்க. மாமி அந்தப் பத்தில ஒருத்தி. ஊசி போட்டிருந்தாலும் அது நடந்திருக்கும். முடிவு சரி, விளைவு கெட்டது. இது ரெண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில நடக்கலாம் என்றதை ஏத்துக்கொள்ள எங்களுக்கு மாசக்கணக்கா போச்சு. சிறுநீரை அளந்து, ரத்தம் பார்த்து, நேரத்தோட மாத்தினதாலதான் டயாலிசிஸ் கிடைச்சு மாமி வீட்டுக்கு வந்தா.

கட்டுவிரியன் என்றால் கணக்கே தலைகீழ். பாயில படுத்திருக்கிறவரை இரவில கடிக்கும், வீக்கமோ பெரிய வலியோ இராது. வயித்துவலி என்று வந்தவருக்கு விடிய முன்னம் இமை தூக்க ஏலாது, பிறகு மூச்சும் நிக்கலாம். அங்க டொக்டர் யோசிக்கிறது மூச்சு மெஷின் எங்க இருக்கு, எப்போ அனுப்புறது என்றது. கற்பிட்டியில இருந்து பாலாவி சந்திக்கு வரவே ஒரு மணித்தியாலம் போகும் எங்கட ஊர்கள்ல, அந்த முடிவை அரை மணி பிந்தி எடுக்க ஏலாது.

டொக்டரை முழுசா விட்டுக்குடுக்க நாங்க எழுதல்ல. எங்களுக்குக் கோபம் இன்னும் இருக்கு. போன்ல அரை மணி நேரம் யோசிச்ச அந்த யோசனையில ரெண்டு வசனத்தைத் தமிழில சொல்ல அந்த வார்டில ஓர் ஆள் இருந்திருந்தால், வீடியோவும் வந்திராது, "தமிழ் ஆக்கள் என்றதால" என்ற பேச்சும் வந்திராது. கடைசியில விளங்கப்படுத்தினது யார் தெரியுமா? தரை துடைக்க வந்த ஓர் அக்கா. "இந்தப் பாம்புக்கு மருந்து இல்ல தம்பி, சலம் போகுதா என்று மட்டும் பாருங்க" என்றா. மருத்துவம் படிச்சவங்க சொல்ல வேண்டியது அது.

பெரிய கோபம் இன்னொன்று. மருந்து ஏன் இல்ல? இலங்கையில வருஷத்துக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்குது, 400 பேர் வரை சாகிறாங்க என்று 2012-13இல் நடந்த கணக்கெடுப்பு சொல்லுது. கடிபடுறது தோட்டக் கூலி, விவசாயி, வெறுங்காலோட நடக்கிறவங்க. வாங்க ஆள் இல்லாத மருந்தை எந்தக் கம்பெனி செய்யும்? உலக சுகாதார நிறுவனமே பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் முன்வரிசையில சேர்த்தது 2017இல்தான். வார்டு வாசல்ல நாங்க போட்ட சத்தத்தை இந்த இடத்தில போட்டிருக்கணும்.

வீடியோவை அழிச்சிட்டோம். ஷெயர் பண்ணின 3 குரூப்பிலயும் நடந்ததை எழுதிப் போட்டோம், லைக் விழல்ல. மாமிக்கு வாற மாசம் கிளினிக். இந்தப் பாம்புக்கடியால பாதிச்ச கிட்னி பிறகும் முழுசாத் திரும்பாம இருக்கலாமாம், அதனால தொடர்ந்து பார்க்கணும். கூடப் போறவன் கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழிலயும் சிங்களத்திலயும் ஒரு கொப்பியில எழுதிக் குடுத்திருக்கோம். முதல் கேள்வி: போன தடவையை விட க்ரியாட்டினின் கூடினதா, குறைஞ்சதா?